ஒற்றைக் கையோடு மெற்றோ கட்டிய பியான்வெனு



எங்கட சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு மலரில் புலவர்கள், சமயப் பெரியார்கள், தலைவர்கள் என்று பலருடைய வாழ்க்கை வரலாறு வந்திருக்கிறது. இந்த முறை ஒரு எஞ்சினியரைப் பற்றி எழுதலாமோ என்று மலர்க்குழுவிடம் கேட்டேன். சம்மதித்தார்கள். நான் பெரிய படிப்புப் படித்த ஆள் இல்லை. ஊரில் ஏ.எல். வரைக்கும் படித்தேன். இப்போது பரிசுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிறேன். ஆனாலும் இந்த மனிதரை எங்கட சனம் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. ஏனென்றால் நாங்கள் தினமும் அவர் போட்ட பாதையில்தான் வேலைக்குப் போய் வருகிறோம். லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு இரும்புத் தூண்களுக்குக் கீழே நடக்கேக்க, மேலே ஓடுகிறது அவருடைய ரெயில்தான்.

அவருடைய பெயர் புல்ஜோன்ஸ் பியான்வெனு. பரிஸ் மெற்றோவின் தந்தை என்று பிரெஞ்சுக்காரர் சொல்லுவினம். மொன்பார்னாஸ் பியான்வெனு என்ற நிலையத்தின் பெயரைக் கேட்டவுடன் பலர், நல்வரவு என்று போட்டிருக்கிறார்கள் போல என்று நினைக்கிறார்கள். விமானத்தால் இறங்கியவுடன் நாங்கள் முதலில் பார்த்த பிரெஞ்சுச் சொல்லும் அதுதானே. ஆனால் அந்த நிலையத்தில் இருப்பது ஒரு மனிதருடைய பெயர். எழுத்தின் மேல் இரண்டு புள்ளி மட்டும்தான் வித்தியாசம்.

பிறப்பும் படிப்பும்

பியான்வெனு 1852ஆம் ஆண்டு தை மாதம் 27ஆம் திகதி, பிறித்தானி மாகாணத்தில் ஊசெல் என்ற சிறிய ஊரில் பிறந்தார். தகப்பன் ஒரு நொத்தாரிசு. பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தபடியால் பரிசில் உள்ள எக்கோல் பொலிரெக்னிக்கில் இடம் கிடைத்தது. பிறகு பாலங்களும் வீதிகளும் கட்டப் படிப்பிக்கிற உயர் பொறியியற் பள்ளிக்குப் போனார். 1875இல் எஞ்சினியராக வெளியே வந்தார். முதல் உத்தியோகம் நோர்மண்டிப் பக்கம் அலன்சோன் நகரில். புதிய ரெயில் பாதைகள் போடுகிற வேலை.

கை போன கதை

1881இல் அவருக்கு 29 வயது. பாதை வேலையைப் பார்வையிடப் போன இடத்தில் ரெயிலில் அகப்பட்டு விழுந்தார். இடது கை நசுங்கிப் போய்விட்டது. வைத்தியர்கள் கையை வெட்டி எடுத்தார்கள். வேறொருவர் என்றால் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஊரோடு போய் இருந்திருப்பார். இவர் திரும்ப வேலைக்கு வந்தார். அதற்குப் பிறகு 50 வருசத்துக்கு மேல் ஒற்றைக் கையோடுதான் வேலை செய்தார். தொழிற்சாலையில் நிற்கிற எங்களுக்கு ஒரு விரல் போனால் என்ன நடக்கும் என்று தெரியும். அதனால் இந்த இடத்தை என்னால் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியவில்லை.

பிறகு பரிசுக்கு வந்தார். கிழக்குப் பக்க ரெயில் பாதை வேலைகள், நகரத்துக்குத் தூரத்து ஊற்றுகளில் இருந்து குடிதண்ணீர் கொண்டுவருகிற வேலை என்று பலதைச் செய்தார். 1891இல் றிப்பப்ளிக்கில் இருந்து பெல்வில் மேட்டுக்கு, கம்பியால் இழுக்கிற ஒரு சின்ன ட்ராம் ஓடத் தொடங்கியது. அந்த வேலையும் அவருடையதுதான்.

நிலத்துக்குக் கீழே

லண்டனில் 1863இலேயே நிலத்துக்குக் கீழே ரெயில் ஓடத் தொடங்கிவிட்டது. பரிசில் மட்டும் அரசாங்கமும் நகரசபையும் பெரிய ரெயில் கம்பனிகளும் ஆளையாள் இழுத்துக்கொண்டு வருசக்கணக்காக வாதாடினார்கள். கடைசியில் 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி வருகிறது, சனத்தை எப்படி ஏற்றி இறக்குவது என்ற நெருக்கடி வந்தது. எட்மோன் ஹுவே என்பவரும் பியான்வெனுவும் சேர்ந்து போட்ட திட்டம் ஏற்கப்பட்டது. 1898 பங்குனி 30ஆம் திகதி சட்டம் வந்தது. அதே வருசம் ஐப்பசி மாதம் வேலை தொடங்கியது.

20 மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் சுமார் 10 கிலோமீற்றர் பாதை முடிந்தது. 1900 ஆடி 19ஆம் திகதி போர்த் து வன்சேனில் இருந்து போர்த் மயோ வரை முதலாவது லைன் திறக்கப்பட்டது. அன்றைக்கு 18 நிலையங்களில் எட்டுத்தான் தயாராக இருந்தன. மற்றதுகள் பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தன.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். சுரங்கம், பாலம், நிலையம் எல்லாம் கட்டுவது நகரசபை. அதாவது பியான்வெனுவின் பகுதி. தண்டவாளம், மின்சாரம், வண்டி எல்லாம் போட்டு ஓடுவது ஒரு தனியார் கம்பனி. மின்சாரம் மூன்றாவது தண்டவாளத்தில் 600 வோல்ட் நேரோட்டமாக வந்தது. வண்டிகள் மரத்தால் செய்தவை.

எங்கட லைன் 2

போர்த் டோபினில் இருந்து நசியோன் வரை போகிற லைன் 2தான் லாச்சப்பலால் போகிறது. இந்த இடத்தில் மட்டும் ஏன் அது நிலத்துக்கு மேலே வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். கார் து நோர், கார் து லெஸ்ற் இரண்டு பெரிய ஸ்ரேசன்களின் தண்டவாளங்களும் அங்கே பள்ளத்தில் ஓடுகின்றன. பக்கத்தில் சென் மார்த்தன் வாய்க்காலும் இருக்கிறது. அவற்றுக்குக் கீழே சுரங்கம் தோண்டுவதென்றால் மிகவும் ஆழமாகப் போக வேண்டும். அதனால் சுமார் இரண்டு கிலோமீற்றர் தூரத்துக்குப் பாலம் கட்டினார்கள். பார்பெஸ், லாச்சப்பல், இன்றைய ஸ்தாலின்கிராட், இன்றைய ஜோரஸ் என்று நான்கு நிலையங்கள் அந்தப் பாலத்தின் மேல் இருக்கின்றன. ரெயில் தண்டவாளங்களைத் தாண்டுகிற இடத்தில் ஒரு தாவலுக்கு 75 மீற்றர், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. 1903 தை 31ஆம் திகதி லாச்சப்பல் நிலையம் திறந்தது.

திறந்து ஆறு மாதம் கழிந்தது. பெரிய மனிதர்களின் வரலாறு எழுதுபவர்கள் இனி வருவதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாராட்டுக்குப் போய்விடுவது உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தக் கட்டுரையை எழுத நினைத்ததே இதற்காகத்தான்.

1903 ஓகஸ்ட் 10

அன்று திங்கட்கிழமை. பின்னேரம் ஏழு மணியளவு. வேலை முடிந்து சனம் வீட்டுக்குப் போகிற நேரம். நசியோன் பக்கம் போன ஒரு வண்டி பார்பெஸ் நிலையத்தில் புகை கக்கியது. மோட்டரில் ஷோர்ட் சேர்க்கிற். பயணிகளை இறக்கினார்கள். கரண்டை விலக்கியதும் புகை குறைந்தது. சரி, வெறும் வண்டியாக நசியோனுக்குக் கொண்டுபோய் விடுவோம் என்று முடிவெடுத்தார்கள். பின்னால் வந்த வண்டியிலிருந்தும் சனத்தை இறக்கி, அந்த வண்டியால் பழுதான வண்டியைத் தள்ளினார்கள். இறக்கப்பட்ட இரண்டு வண்டிச் சனமும் மூன்றாவதாக வந்த வண்டியில் நெருக்கி அடித்துக்கொண்டு ஏறியது.

பழுதான வண்டி லாச்சப்பல் பாலத்தால் போனது. பாலத்தில் நல்ல காற்று, நல்ல வெளிச்சம். பிறகு சுரங்கத்துக்குள் இறங்கியது. பெல்வில், கூரோன் நிலையங்களைத் தாண்டி மெனில்மொந்தோன் வந்தபோது பற்றி எரியத் தொடங்கிவிட்டது. அந்தக் கால வண்டியில் மோட்டருக்குப் போகிற முழுக் கரண்டும் கனமான வயரில் மரப் பெட்டிகளுக்கு ஊடாகப் போகும். மரம், வார்னிஷ், வயரைச் சுற்றியிருந்த இறப்பர் எல்லாம் சேர்ந்து எரிந்தன.

அந்த நேரம் சனம் நிரம்பிய மூன்றாவது வண்டி ஒரு நிலையம் பின்னால், கூரோனில் நிற்கிறது. எல்லோரும் இறங்கி வெளியே போங்கோ என்று ஊழியர்கள் சொன்னார்கள். சிலர் போய்விட்டார்கள். பலர் போகவில்லை. ரிக்கற் காசு 15 சதத்தைத் திருப்பித் தரச் சொல்லி நின்றார்கள். இதைப் படிக்கேக்க சிலருக்குச் சிரிப்பு வரலாம். அந்தப் பகுதி தொழிலாளர் வாழ்ந்த பகுதி. ஒரே நாளில் இரண்டு வண்டியில் இருந்து இறக்கிவிடப்பட்டவர்கள், இப்போது மூன்றாவதிலிருந்தும் இறங்கச் சொல்கிறார்கள். மாசக் கடைசியில் ரிக்கற் காசை எண்ணிப் பார்த்துப் பயணம் செய்த எங்களுக்கு அந்தக் கோபம் விளங்கும்.

அப்போது மெனில்மொந்தோனில் இருந்து சுரங்கத்தின் வழியாகக் கரும்புகை வந்தது. அடுத்த நிமிசங்களில் லைற் எல்லாம் அணைந்தது. இதுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம். நிலையத்து லைற்றுக்குப் போன கரண்ட், வண்டி ஓடுகிற அதே கரண்டில் இருந்து எடுத்தது. தீ வயரைத் தின்றவுடன் வண்டிக்கும் கரண்ட் இல்லை, லைற்றுக்கும் கரண்ட் இல்லை. கும்மிருட்டில் சனம் ஓடியது. கூரோன் நிலையத்தில் வெளியே போகிற படிக்கட்டு ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருந்தது. மறுபக்கம் சுவர். வாசல் எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு வெளிச்சமும் இல்லை. புகைக்குப் பயந்து பலர் சுவர்ப் பக்கம் ஓடினார்கள். அந்த மூலையில்தான் பிறகு உடல்கள் குவியலாகக் கிடந்தன.

மொத்தம் 84 பேர். பெரும்பாலானோர் நெருப்புச் சுட்டு இறக்கவில்லை. புகையில் மூச்சு அடைத்து இறந்தார்கள்.

வண்டியும் வயரும் கம்பனியின் பொறுப்பு. ஒற்றைப் படிக்கட்டு நிலையம் பியான்வெனுவின் பகுதி கட்டியது. பிழை இரண்டு பக்கமும் இருந்தது. அவரைக் கும்பிடத்தக்க மனிதராக எழுதுவதற்காக இதை மறைக்கத் தேவையில்லை.

பிறகு என்ன செய்தார்கள்

இறந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆனால் அந்தச் சாவுகளில் இருந்து அவர்கள் படித்தார்கள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நிலையத்து லைற்றை வண்டியின் கரண்டில் இருந்து பிரித்தார்கள். அதையும் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாத இரண்டு சேர்க்கிற் ஆக்கினார்கள். ஒன்று போனாலும் மற்றது எரியும். இரண்டாவது, சோர்த்தி என்று வாசலைக் காட்டுகிற வெளிச்சப் பலகைகள் வந்தன. இன்றைக்கு மெற்றோவில் இறங்கியவுடன் எங்கட கண் தானாகத் தேடுகிற அந்தச் சொல்லுக்குப் பின்னால் 84 உயிர் இருக்கிறது. மூன்றாவது, முழுக் கரண்டையும் வண்டியின் நீளத்துக்குக் கொண்டுபோகிற முறையை விட்டார்கள். அமெரிக்காவின் பிராங்க் ஸ்பிரேக் கண்டுபிடித்த முறைக்கு மாறினார்கள். அதில் சாரதி கையாளுவது சிறிய கட்டுப்பாட்டுக் கரண்ட் மட்டும். ஒவ்வொரு மோட்டர்ப் பெட்டியும் தனக்குத் தேவையான கரண்டைத் தானே எடுக்கும். நான்காவது, 1908இல் இருந்து முழுக்க உலோகத்தாலான ஸ்பிரேக் வண்டிகள் வரத் தொடங்கின. அந்த வகை வண்டி 1983 சித்திரை வரை பரிசில் ஓடியது. 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கட ஆட்கள் இங்கே வந்து சேர, அவை ஓய்வுக்குப் போய் ஒரு சில மாதம்தான்.

நான் வேலை செய்கிற இடத்தில் ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் ஒரு சின்னப் பச்சைப் பெட்டி இருக்கிறது. ஓடுகிற மனிதன் படம் போட்டது. உள்ளே அதற்கென்று தனிப் பற்றறி. தொழிற்சாலையின் கரண்ட் முழுவதும் போனாலும் அது எரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது ஒரு அலங்காரம் போலத்தான் தெரிந்தது. கூரோன் கதையைப் படித்த பிறகு ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறேன்.

மாற்று ஏற்பாடு என்று ஒன்று வைத்தால், அது முதல் ஏற்பாடு தொங்குகிற அதே கயிற்றில் தொங்கக்கூடாது. சொல்லச் சுகமான விசயம், ஆனால் பெரிய கெட்டிக்காரர்களும் திரும்பத் திரும்பத் தவறவிடுகிற விசயம். 1989 ஆடி 19ஆம் திகதி அமெரிக்காவில் யுனைட்டட் கம்பனியின் டி.சி. 10 விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்க, வால் எஞ்சினுக்குள் ஒரு தட்டு உடைந்து சிதறியது. விமானத்தைத் திருப்புவதற்கு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற மூன்று தொகுதிகள் இருந்தன. ஒன்று போனால் மற்றது என்ற கணக்கு. ஆனால் மூன்றின் குழாய்களும் வால் பக்கத்தில் கிட்டக் கிட்டப் போயின. சிதறிய துண்டுகளால் மூன்றும் ஒன்றாகச் செத்துப்போயின. விமானிகள் மீதி இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே சூ சிற்றி நகரம் வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் தப்பினார்கள், 112 பேர் இறந்தார்கள். கூரோனுக்கு 86 வருசம் பிறகு, அதே பாடம்.

இலங்கையில் 2025 மாசி 9ஆம் திகதி நடந்தது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து, முழுத் தீவுக்கும் கரண்ட் போனது. குரங்கை வைத்துச் சனம் பகிடி விட்டது. உண்மையான கேள்வி வேறு. ஒரு மூலையில் விழுந்த அடி முழு நாட்டையும் விழுத்தும்படி ஏன் இருக்க வேண்டும்? 1990இற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வருசக்கணக்காகக் கரண்டே இல்லாமல் இருந்தோமே. அப்போது எங்கட அம்மாமார் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு விளக்கு எரித்தார்கள். அது ஒருவருடைய வயரிலும் தொங்கவில்லை. அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் பல பிள்ளைகள் சோதனை எழுதினார்கள்.

ஆற்றுக்குக் கீழே

84 பேரின் சாவுக்குப் பிறகும் பியான்வெனு ஓடிப்போகவில்லை, வேலையும் நிற்கவில்லை. ஒப்பெரா நிலையத்தில் மூன்று லைன்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கடக்கும்படி கட்டினார். லைன் 4 செயின் ஆற்றுக்குக் கீழே போக வேண்டும். கரையில் பெரிய இரும்புக் கூடுகளைச் செய்து, மிதக்கவிட்டுக் கொண்டுபோய், ஆற்றின் அடியில் தாழ்த்திப் பொருத்தினார்கள். சென் மிஷெல் பக்கத்தில் மண் ஈரமாக இளகி நின்றதால், உறைநிலைக்குக் கீழே குளிராக்கிய உப்புத் தண்ணீரைக் குழாய்களில் ஓடவிட்டு, மண்ணை ஐஸ் ஆக்கிப் பிறகு தோண்டினார்கள். 1910 தை 9ஆம் திகதி அந்தப் பாதை திறந்தது.

இரண்டு மூன்று கிழமைக்குள் பெருவெள்ளம். தை 28ஆம் திகதி ஓஸ்தர்லிட்ஸ் அளவுகோலில் ஆறு 8.62 மீற்றர் காட்டியது. மெற்றோச் சுரங்கங்களுக்குள் தண்ணீர் புகுந்து பல லைன்கள் நின்றுபோயின. தண்ணீரை இறைத்து, திருத்தி, மீண்டும் ஓடவிட்டார்கள். நெருப்பு ஒரு பாடம், தண்ணீர் இன்னொரு பாடம்.

கடைசிக் காலம்

1932 மார்கழியில், 80 வயதில்தான் ஓய்வு பெற்றார். அதற்குள் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட மெற்றோப் பாதை பரிசுக்குக் கிடைத்துவிட்டது. 1933 ஆனி 30ஆம் திகதி ஒரு நிலையத்துக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். அந்த விழாவில் அவரே நின்றார். உயிரோடு இருக்கேக்க அந்த மரியாதை கிடைப்பது அரிது. 1942இல் அந்த நிலையமும் மொன்பார்னாஸ் நிலையமும் ஒன்றாகி இன்றைய பெயர் வந்தது. பியான்வெனு 1936 ஓகஸ்ட் 3ஆம் திகதி பரிசில் காலமானார். பேர் லாசேஸ் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அந்த மயானமும் லைன் 2இல்தான் இருக்கிறது. லாச்சப்பலில் ஏறினால் மாறி ஏறத் தேவையில்லை. போகிற வழியில் கூரோனும் மெனில்மொந்தோனும் வரும்.

எங்களுக்கு ஒரு சொல்

வரலாறு எழுதினால் மட்டும் போதாது, பிரயோசனமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மலர்க்குழுவில் ஒரு அண்ணா சொன்னார். அவருக்காக மூன்று விசயம்.

பிரான்சில் 2015 பங்குனியில் இருந்து ஒவ்வொரு வீட்டிலும் புகை காட்டுகிற கருவி இருக்க வேண்டும் என்பது சட்டம். மிளகாய் வறுக்கேக்க அது கத்துகிறது என்று எங்கட வீடுகளில் பற்றறியைக் கழற்றி லாச்சிக்குள் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பப் போடுங்கோ. பிள்ளைகள் படுக்கிற அறைக்குக் கிட்ட இருக்கட்டும், குசினிக்குள் வேண்டாம்.

வேலைத்தளத்திலோ மண்டபத்திலோ, எங்கட கலைவிழாவிலோ, போய் இருந்தவுடன் வெளியே போகிற வாசல் எங்கே என்று ஒருக்கால் பாருங்கோ. ஒரு வாசல் இல்லை, இரண்டாவது வாசலையும் பாருங்கோ. அந்த இரண்டாவது வாசலுக்கு முன்னால் கதிரை அடுக்க வேண்டாம்.

வெளியே போகச் சொன்னால் போங்கோ. ரிக்கற் காசு, பை, செருப்பு எல்லாம் பிறகு பார்க்கலாம்.

எல்லா உறவுகளுக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள். இந்த வருசம் எல்லோருக்கும் சுகத்தையும், நிரந்தர வதிவிட அனுமதிக்குக் காத்திருப்பவர்களுக்கு நல்ல பதிலையும் கொண்டுவரட்டும்.